எழுபத்திரண்டு மேளம் கண்ட வேங்கடமகி

தைப்பூசத்தன்று திருவிடைமருதூரில் காவிரிக்கு நீராடச் செல்வோர் அங்குள்ள புஷ்ய மண்டபத்தை அறிவார்கள். அதைக் கட்டுவித்தவர் கோவிந்த தீட்சிதர். தஞ்சை நாயக்க மன்னர்களின் மந்திரியாக விளங்கியவர். அவர் கட்டியது கல் மண்டபம். அவருடைய புதல்வர் வேங்கடமகி கட்டியதோ கணக்கு மண்டபம்! கர்நாடக சங்கீதம் இன்றளவும் அதற்குள்தான் குடியிருக்கிறது.

வேங்கடமகியின் தாயார் நாகாம்பாள். தமையனார் யக்ஞநாராயண தீட்சிதரும் பெரும் புலவர். வேதமும் மீமாம்சையும் கற்று, அத்துறையில் நூலும் இயற்றிய வேங்கடமகி, தானப்பாசாரியாரிடம் சங்கீதம் பயின்றார். வீணையிலும் வல்லவர்.

அந்நாளில் ராகங்கள் பெருகிக் கிடந்தன. எந்த ராகம் எந்த மேளத்தைச் சேர்ந்தது என்பதில் நூலுக்கு நூல் வேற்றுமை. 1550-ல் விஜயநகரத்து ராமாமாத்தியர் ‘ஸ்வரமேளகலாநிதி’யில் இருபது மேளங்களைக் கூறினார். விஜயராகவ நாயக்கரின் (ஆட்சி 1633-1673) விருப்பப்படி ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ எழுதப் புகுந்த வேங்கடமகி, அந்த முன்னோரைக் கடுமையாகவே மறுத்தார். வழக்கில் உள்ளதை மட்டும் எண்ணினால் போதுமா? இருக்கக்கூடியது எத்தனை என்று எண்ண வேண்டாமா? இதுவே அவர் எழுப்பிய கேள்வி.

கணக்கு எளியது. ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. ரிஷபமும் காந்தாரமும் சேரும் வகை ஆறு. தைவதமும் நிஷாதமும் சேரும் வகை ஆறு. ஆறும் ஆறும் பெருக்க முப்பத்தாறு. மத்திமம் சுத்தமா, பிரதியா என்று இரண்டே வகை. ஆக எழுபத்திரண்டு!

அவற்றுள் அவர் காலத்தில் வழங்கியவை பத்தொன்பதே. ஐம்பத்து மூன்று வீடுகள் காலி. பாடாத மேளத்துக்குப் பட்டியல் எதற்கு என்று பிறர் கேட்கலாம் அல்லவா? பிற தேசத்தாரும் பின்வருவோரும் புது ராகங்களைப் படைப்பார்கள், அவற்றுக்கும் இடம் வேண்டும் என்பது அவர் கருத்து. சிவபெருமானே முயன்றாலும் இதில் ஒன்று கூடாது, குறையாது என்று சவாலும் விட்டார்.

பின்வந்தோர் இதற்கு ஓர் அரிய பூட்டும் சாவியும் செய்தனர். ஒவ்வொரு மேளத்தின் பெயரிலும் முதல் இரண்டு எழுத்துக்கள் அதன் எண்ணைச் சொல்லும்படி அமைத்தனர். கடபயாதி என்ற பழைய முறை அது. கேரளத்துச் சோதிடக் கணிதர்கள் அதை வெகுகாலம் கையாண்டவர்கள். மேசகல்யாணியைப் பாருங்கள். ‘மே’ ஐந்து, ‘ச’ ஆறு. திருப்பிப் படித்தால் 65. முப்பத்தாறுக்கு மேற்பட்டதால் பிரதி மத்திமம். முப்பத்தாறைக் கழித்தால் 29. ஆறு ஆறாக வகுத்தால் ஐந்தாவது சக்கரத்தில் ஐந்தாவது இடம். சக்கரம் ரிஷப காந்தாரங்களைச் சொல்லிவிடும்; இடம் தைவத நிஷாதங்களைச் சொல்லிவிடும். ஏடு நிறைய எழுத வேண்டியதை இரண்டு எழுத்துக்குள் அடக்கிவிட்டார்கள்!

இன்று கணினித் துறையினர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதி விளக்கும் நீண்ட ஆவணத்துக்குப் பதிலாக, பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே கொண்ட சுருக்கக் குறியை அனுப்புகிறார்கள். ஏழு இடங்கள் இருந்தால் 128 எண்களைக் குறிக்கலாம். எழுபத்திரண்டு மேளமும் அதற்குள் தாராளமாக அடங்கும். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. விரித்து எழுதியதை யாரும் படித்துக்கொள்ளலாம். சுருக்கக் குறிக்கோ சாவி வேண்டும். விதியை அறிந்தவர் இல்லையேல் 65 என்பது வெறும் எண்தான்.

அந்த ஆபத்து வேங்கடமகியின் நூலுக்கும் வந்தது. 1673-ல் தஞ்சை நாயக்கர் ஆட்சி வீழ்ந்தது. ஆதரித்த அரசவை போயிற்று. நூலின் கடைசிப் பகுதியாகிய தாளப் பிரகரணம் நமக்குக் கிடைக்கவே இல்லை. எஞ்சியதைக் காத்தது எது? திருவிடைமருதூர்! வேங்கடமகியின் வழிவந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதர் அங்கே இருந்தார். அவரிடம் இம்முறையைக் கற்றவர் ராமசாமி தீட்சிதர் (1735-1817). ஹம்ஸத்வனி ராகத்தைத் தந்தவர். அவர் தம் மைந்தருக்குக் கற்பித்தார். அந்த மைந்தரே 1775-ல் திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர்!

அதே குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யை அச்சேற்றி, அம்மரபை உலகறியச் செய்தார். பம்பாயிலிருந்து வந்து அவரைக் கண்ட பாத்கண்டே, பின்னர் ஹிந்துஸ்தானி ராகங்களைப் பத்துத் தாட்டுகளில் வகைப்படுத்தினார். 1934-ல் சென்னை சங்கீத வித்வத் சபை மூலநூலை வெளியிட்டது.

அன்று காலியாக இருந்த ஐம்பத்து மூன்று வீடுகளிலும் இன்று விளக்கு எரிகிறது. எழுபத்திரண்டு மேளங்களிலும் பாட்டு உண்டு. வீட்டைக் கட்டியவர் தஞ்சை மந்திரியின் மகன். அரசு போன பின்னும் சாவியைத் தொலைக்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தது, திருவிடைமருதூரில் ஓர் ஆசிரியர் வீட்டுத் திண்ணை.