ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார்.

வாழ்க்கை

கோவை அருகேயுள்ள கலங்கலில் பிறந்த இவரது பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளுடன் நின்றது. உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதனைப் பிரித்துப் பூட்டி இயந்திர நுட்பம் கற்றார். 1920 இல் தமது 27 ஆவது வயதில் பொள்ளாச்சி - பழனி வழித்தடத்தில் ஒரே பேருந்துடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார்.

தொழிற்கல்வி

1945 இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரி உருவாக இவரது முயற்சியும் நன்கொடையும் காரணமாயின. பள்ளியைப் பாதியில் விட்டவர், 52 வயதில் அக்கல்லூரியின் முதல்வரானார். பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்று வாதிட்டார். அரசு அதனை ஏற்காததால் பதவி விலகினார். அக்கல்லூரியே தற்போதைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகும்.