பெரியார் கேட்ட கர்ப்பத்தடையும் நமக்குக் கிடைத்ததும்

தமிழ்நாட்டில் மணமாகி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் நிரந்தரக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். 2019-21ஆம் ஆண்டின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் விவரம் இது. கணவர் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்ட தம்பதியரோ ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பு, தமிழில் கர்ப்பத்தடையைப் பற்றிக் கூச்சமின்றி எழுதிய ஈ.வெ. ராமசாமியின் வாழ்க்கையை இந்த இரண்டு எண்களை அருகில் வைத்துக்கொண்டு படித்தால், அவர் கேட்டது எது, நமக்குக் கிடைத்தது எது என்ற கேள்வி எழுகிறது.

1879 செப்டம்பர் 17 அன்று ஈரோட்டில் செல்வ வணிகர் வேங்கட நாயக்கருக்கும் சின்னத்தாயம்மாளுக்கும் பிறந்தவர் ராமசாமி. 19 வயதில் 13 வயது நாகம்மையை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்தது. அதன்பின் மகப்பேறு இல்லை. அந்தக் காலத்து வசதியான குடும்பங்களில் பிள்ளையில்லாக் குறையை ஆண்கள் இன்னொரு திருமணத்தால் தீர்த்துக்கொள்வது இயல்பு. ராமசாமி அந்த வழியில் போகவில்லை. நாகம்மை கள்ளுக்கடை மறியலிலும் வைக்கம் போராட்டத்திலும் முன்னின்றார். தாயாக அல்லாமலும் ஒரு பெண்ணின் வாழ்வு நிறைவுடையதாக இருக்க முடியும் என்பதை ராமசாமி தம் வீட்டிலேயே கண்டிருந்தார். அவருடைய பிற்காலக் கருத்துக்கு இதுவும் ஒரு வேராக இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

ஈரோடு நகராட்சித் தலைவர் பதவியை விட்டுக் காங்கிரஸுக்கு வந்தவரை, அதிலிருந்து வெளியேறச் செய்த நிகழ்வுகளில் ஒன்று எங்கள் பகுதியில் நடந்தது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாக நெல்லைக்குச் செல்லும் ரயில் பாதையில் சேரன்மகாதேவி இருக்கிறது. அங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது பெரும் பூசலானது. அந்தப் பூசல் ஓயாத 1925 மே மாதத்தில் ‘குடிஅரசு’ இதழ் பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ராமசாமி வெளியேறினார். பிறப்பை வைத்து மனிதரை ஒதுக்கும் வழக்கத்தின் மீது எழுந்த கேள்வி, சில ஆண்டுகளில் பிள்ளைப்பேற்றை வைத்துப் பெண்ணை ஒதுக்கும் வழக்கத்தின் மீதும் திரும்பியது.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கோரியது. 1930இல் ‘குடிஅரசு’ கர்ப்பத்தடையை நேரடியாகவே பேசியது. கர்ப்பத்தடையை ஆதரித்தவர்கள் வேறு சிலரும் அப்போது இருந்தார்கள். சென்னையில் நவ மால்தூசியச் சங்கம் இயங்கியது. மைசூர் சமஸ்தானம் 1930இல் அரசு மருத்துவமனைகளிலேயே கருத்தடை ஆலோசனைக்கு ஆணையிட்டது. தாயின் உடல்நலம், பிள்ளைகளின் வலிமை, நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து சிதறாமை ஆகியவையே அவர்கள் கூறிய காரணங்கள். இவற்றையெல்லாம் அறிந்துகொண்டே ராமசாமி தம் காரணம் வேறு என்று பிரித்துக்காட்டினார். பெண் விடுதலை பெறவும் தன் விருப்பப்படி வாழவும் கர்ப்பத்தடை வேண்டும் என்பதே அவருடைய வாதம். பிள்ளைப்பேறு விடுதலைக்குத் தடையென்றால் பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிடலாம் என்ற எல்லை வரை அவர் சென்றார். மனித குலம் விருத்தியாகாதே என்ற அச்சம் அவரை அசைக்கவில்லை. இந்தக் கருத்துகள் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிவான பேச்சு என்பதை அறிய எதிர்த்தரப்பைப் பார்க்க வேண்டும். கருத்தடைச் சாதனங்களைக் காந்தி ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் 1935 இறுதியில் வார்தாவுக்கு வந்து வாதாடியும் அவர் மனம் மாறவில்லை. அதே பயணத்தில் சாங்கர் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு வந்தார். கடும் எதிர்ப்புக்கிடையே அங்கே கருத்தடைக்கு ஆதரவான தீர்மானம் நிறைவேறியது. குற்றாலத்தை அடுத்துள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மண். 1956இல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அருவிக்கரைக்கு அப்பால் அந்த சமஸ்தானத்தின் தலைநகரில் படித்த பெண்கள் இதை விவாதித்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் எளிய மக்களுக்கான தமிழில் இதை எழுதிக்கொண்டிருந்தவர் ராமசாமி.

நாகம்மை 1933இல் மறைந்தார். 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அவருக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை அளித்தது. 1949இல் 70ஆவது வயதை நெருங்கிய அவர் மணியம்மையை மணந்ததைத் தோழர்கள் பலர் ஏற்கவில்லை, இயக்கம் பிளந்தது. பெண்ணுரிமை பேசியவர் வயதில் இவ்வளவு இளையவரை மணக்கலாமா என்ற விமர்சனத்தை இன்றும் ஒதுக்கித் தள்ள முடியாது. சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்திக்கொண்ட நிலையிலும் ஊர் ஊராகப் பயணம் செய்தவர், 1973 டிசம்பர் 24 அன்று வேலூரில் இறந்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே கர்ப்பத்தடை அரசின் கொள்கையாகிவிட்டது. 1952இல் தேசியத் திட்டம் வந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதே நாட்டின் சிக்கல் என்று கருதியவர். பின்னர் அவர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பகுதியில், அறுவை சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் தரும் முறையை முதலில் கொண்டுவந்த மாநிலங்களுள் சென்னையும் ஒன்று. அன்று மேசைக்கு வந்தவர்களில் ஆண்களே மிகுதி. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்கள். பலர் வற்புறுத்தி இழுத்து வரப்பட்டவர்கள். ஆண்களின் சினம் தேர்தலில் ஆட்சியையே கவிழ்த்தது. அதன்பின் எந்த அரசும் ஆண்களை நெருங்கத் துணியவில்லை. சுமை அப்படியே பெண்கள் மீது இறங்கியது.

தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றியும் வயலில் வேலை செய்தும் வீட்டைக் காக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு சிகிச்சையும் முடிந்துவிட்டது என்பார்கள். முடிவெடுத்தது யார் என்று கேட்டால் மாமியார், கணவர், செவிலியர் என்று பதில்கள் வரும். தன்னைச் சுட்டுபவர் குறைவு. நானும் அப்படிச் செய்துகொண்டவள்தான். பிள்ளைப் பயம் நீங்கிய நிம்மதி பெரிது. அதை மறுக்க மாட்டேன். ஆனால், இது என் கணவரும் செய்துகொள்ளக்கூடியது என்பதை எங்கள் இருவருக்கும் எவரும் அன்று சொல்லவில்லை.

பெண்ணுக்குச் செய்யும்போது வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ கருக்குழாயை அடைக்க வேண்டும். ஆணுக்கு விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு விந்துக்குழாயைத் துண்டித்தால் போதும், தையலும் தேவைப்படாது. மயக்கமருந்தின்றி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில நிமிடங்களில் முடிப்பார்கள். ஆண்மையோ வலிமையோ குறைவதில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் வேறு தடைமுறையைக் கையாண்டு, விந்துப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. இரண்டில் எது எளிது என்பதில் மருத்துவத்துக்கு ஐயம் இல்லை.

பெரியாருடைய கர்ப்பத்தடை நமக்குக் கிடைத்துவிட்டது; அவருடைய காரணம் வழியிலேயே நின்றுவிட்டது. நாட்டின் நன்மைக்காகப் பிள்ளைப்பேற்றைக் குறை என்று அரசு சொன்னது, பெண்கள் குறைத்தார்கள். 2005-06ஆம் ஆண்டிலேயே இம்மாநிலத்தின் கருவள விகிதம் 1.8ஆக இறங்கிவிட்டது. இப்போது தொகுதி மறுவரையறையைக் காட்டி, கூடுதலாகப் பிள்ளை பெறுங்கள் என்ற குரல் அரசியல் மேடைகளில் கேட்கிறது. எண்ணிக்கைக்காகத் தரப்பட்ட உரிமை, எண்ணிக்கைக்காகவே திரும்பப் பெறப்படலாம். பெண்ணின் விருப்பம் என்ற காரணத்தின் மீது நிற்கும் உரிமைக்கு அந்த ஆபத்து இல்லை.

செய்ய வேண்டியதும் பெரிதல்ல. கருவுற்ற ஆறாம், ஏழாம் மாதப் பரிசோதனைக்குக் கணவரையும் அழைத்து, நிரந்தர முறைகள் இரண்டையும் தற்காலிக முறைகளையும் விளக்க வேண்டும். வலியில் கிடக்கும் வேளையில் கையொப்பம் கேட்கும் வழக்கம் நிற்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை மீண்டும் மீண்டும் நச்சரிக்கக் கூடாது. பெரியாரின் பிறந்தநாளைச் சமூகநீதி நாளாகக் கொண்டாடும் அரசு, அவருடைய காரணத்தையும் மகப்பேறு வார்டுக்குள் கொண்டுசெல்லட்டும்.