பஸ் ஓட்டிய பயிற்சியாளர்

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், சீக்விம் என்று ஒரு சிற்றூர். அங்கே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டி வந்தார் ஒரு டிரைவர். ஒரு காலத்தில் அந்த நாட்டின் கல்லூரிக் கூடைப்பந்து உலகையே கலக்கியவர் அவர். பெயர், ஃபில் வுல்பெர்ட்.

கென்டக்கி மாநிலத்தில் 1915-ல் பிறந்தார். வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். 1950-ல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார்.

பெயர்தான் பல்கலைக்கழகம்! ஏசு சபைப் பாதிரியார்கள் நடத்திய சிறிய கல்லூரி அது. ஆடுவதற்குச் சொந்தக் கூடம்கூட இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிப் பயிற்சி செய்தார்கள்.

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர்தான் களத்தில் நிற்பார்கள். நல்ல ஆட்டக்காரர் இருவர் கிடைத்தாலே அணியின் தலையெழுத்து மாறிவிடும். அதனால் பெரிய கல்லூரிகள் பள்ளிப் பையன்களைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பும். படிப்பு இலவசம், சாப்பாடு இலவசம் என்று அழைத்துப் போகும். அவர்களோடு போட்டி போட வுல்பெர்ட்டிடம் பணம் ஏது?

அவர் தூரத்துக்குப் போகவில்லை. சுற்று வட்டாரத்திலேயே தேடினார்.

அக்கரைப் பையன்

நகருக்கு எதிரே, வளைகுடாவின் அக்கரையில் ஓக்லாந்து இருக்கிறது. அங்கே ஒரு பள்ளி ஆட்டத்தைப் பார்த்தார் ஹால் டிஜூலியோ. இந்தக் கல்லூரியின் பழைய ஆட்டக்காரர் அவர். ஒல்லியாய், நெட்டையாய் ஒரு கறுப்பினப் பையன் அவர் கண்ணில் பட்டான். அவனைக் கல்லூரிக்குச் சொன்னார். வேறு எந்தக் கல்லூரியும் அவனைக் கூப்பிடவில்லை!

அந்தப் பையன்தான் பில் ரஸ்ஸல். தடுத்து ஆடுகிறவர் தரையை விட்டுக் காலை எடுக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துப் பாடம். ரஸ்ஸலோ எகிறிக் குதித்து எதிரியின் பந்தைத் தட்டிவிட்டார். பின்னாளில் பாஸ்டன் அணியில் 13 ஆண்டு ஆடி, 11 முறை பட்டம் பெற்றார். கல்லூரியில் அவருடைய அறைத் தோழர் கே.சி. ஜோன்ஸ். உள்ளூர்ப் பள்ளியில் படித்தவர்.

கறுப்பினத்தவர் ஒருவர், இருவருக்கு மேல் களத்தில் இறங்கக்கூடாது என்பது அன்று எழுதாத சட்டம். வுல்பெர்ட் மூவரை இறக்கினார். ரஸ்ஸல், ஜோன்ஸ், ஹால் பெர்ரி. அவருக்கு வசைக் கடிதங்கள் வந்தன. அவர் ஆளை மாற்றவில்லை.

1954 டிசம்பரில் ஓக்லஹோமா நகருக்கு ஆடப் போனார்கள். கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ஓட்டலில் இடம் இல்லை என்றார்கள். வெள்ளைக்காரப் பையன்களும் அந்த ஓட்டல் வேண்டாம் என்று விட்டார்கள். காலியாகக் கிடந்த ஒரு கல்லூரி விடுதியில் எல்லோரும் ஒன்றாகத் தங்கினார்கள். அந்தப் போட்டியில் ஜெயித்தும் வந்தார்கள்!

60 வெற்றிகள்

1955-ல் தேசியப் பட்டம். 1956-ல் மறுபடியும் பட்டம். தொடர்ந்து 60 ஆட்டங்களில் தோல்வியே இல்லை.

கல்லூரிக்குச் சொந்த ஆட்டக் கூடம் 1958-ல் எழுந்தது. ஆனால் மறு ஆண்டே வுல்பெர்ட் விலகிவிட்டார். ஓயாத கவலை அவர் உடம்பைக் கெடுத்திருந்தது. பிறகு சான் டியேகோவில் சில காலம் பயிற்சி தந்தார். அதையும் விட்டுவிட்டுத்தான் சீக்விம் போய் பஸ் ஓட்டினார்.

1992-ல் கூடைப்பந்து உலகின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1987-ல், அவர் காலமாகிவிட்டார்.