சிதறலை அளவுகோலாக்கிய சந்திரசேகர்

விண்மீன்களின் இயல்பைக் கணித வழியால் ஆராய்ந்து உலகப் புகழ் எய்தியவர் பேராசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் லாகூரிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த அவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1930இல் கேம்பிரிட்ஜ் சென்றார். வெண்குறு விண்மீனின் திணிவுக்கு அவர் கண்ட எல்லையை 1935இல் எடிங்டன் எள்ளி ஒதுக்கியமையைப் பலரும் அறிவர். 1937 முதல் அமெரிக்காவின் யேர்க்சு வானாய்வு நிலையத்திற் பணியாற்றுகையில் அவர் செய்த மற்றொரு தொண்டு அத்துணை அறியப்படாதது. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஒளியலையின் அதிர்வு ஒரு தளத்திலேயே மிகுந்து நிற்பதை முனைவாக்கம் என்பர். எமது துறைமுகத்து நீரிற் பட்டுத் தெறிக்கும் வெயிலும் ஓரளவு முனைவாக்கம் பெற்றதே. வெப்பமிக்க விண்மீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளியில் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் முனைவாக்கம் பெற்றிருக்கும் என 1946இல் சந்திரசேகர் கணித்தார். அதனைத் தேடப் புகுந்த ஹில்ட்னரும் ஹோலும் 1949இற் கண்டதோ வேறொன்று. அவர்கள் கண்ட முனைவாக்கம் விண்மீனில் எழுந்ததன்று. இடைவெளியிலுள்ள தூசியால் விளைந்தது. அத்தூசித் துணிக்கைகளை நிரைப்படுத்துவது காந்தப்புலமே என டேவிசும் கிரீன்ஸ்டீனும் 1951இல் விளக்கினர்.

தாம் கணித்தது கிடைக்காதபோதும் சந்திரசேகர் ஒதுங்கி நின்றாரல்லர். 1953இல் என்றிக்கோ பேர்மியுடன் கூடி, அப்புலத்தின் வலிமையை அளக்கும் வழியொன்றை வகுத்தார். அலையடிக்கும் துறையிலே இறுகக் கட்டிய கயிறு சிறிதே அசையும். தளரக் கட்டியது பெரிதும் அலையும். அவ்வாறே விண்வெளி வாயுவின் கொந்தளிப்பு வலிய காந்தப்புலத்தைச் சிறிதும், மெலிந்ததைப் பெரிதும் வளைக்கும். ஆகவே பல விண்மீன்களின் முனைவாக்கத் திசைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதோடு, வாயுவின் அடர்த்தியும் கொந்தளிப்பின் வேகமும் தெரிந்தால், புலத்தின் வலிமை புலப்படும். அவர்கள் பெற்ற விடை ஒரு கவுசின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 7 பங்கு. புவியின் காந்தப்புலத்தினும் பல்லாயிரம் மடங்கு மெலிந்தது. விண்மீன்கள் பிறக்கும் முகில்களை ஆராய்வோர் இம்முறையைத் திருத்தங்களோடு இன்றும் கையாளுகின்றனர்.

1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்னர் கணித்த விளைவும் அவ்வாண்டிலேயே அல்கோல் என்னும் விண்மீன் தொகுதியிற் கண்டறியப்பட்டது. 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் நாள் சிக்காகோவில் அவர் மறைந்தார்.

ஆய்வுகூடத்திலே அளவீடுகள் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது அவற்றை அழித்து அழகுற எழுதிவிடும் வழக்கம் மாணவரிடையே உண்டு. எம் இளைஞர் இவ்வரலாற்றை நெஞ்சிற் கொள்வாராக. அன்று அத்திசைகளின் சிதறலைப் பிழையென நீக்கியிருப்பின், விண்வெளியின் காந்த வலிமையை அளக்கும் அவ்வழி திறந்திராது.