கேம் பாய் தந்தவரும் தோற்றுப்போன சிவப்புப் பெட்டியும்

1997 அக்டோபர் 4. ஜப்பானின் இஷிக்காவா மாநிலத்தில் ஹொகுரிக்கு நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்த ஒரு கார், முன்னால் போன சிறிய லாரியின் பின்புறத்தில் மோதியது. பெரிய விபத்து அல்ல. சேதத்தைப் பார்க்கக் காரில் இருந்தவர்கள் கீழே இறங்கினர். அந்த நேரத்தில் அவ்வழியே வந்த இன்னொரு கார் அவர்களில் ஒருவர்மீது மோதியது. அன்றே அவர் உயிரிழந்தார். வயது 56. பெயர் குன்பெய் யொக்கோய்.

பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய கைவேலை தெரியும். வீடியோ கேம் கட்டுப்பாட்டுக் கருவி எதையாவது கையில் எடுத்தால், இடது கட்டைவிரலுக்கு அருகில் கூட்டல் குறி போல ஒரு பொத்தான் இருக்கும். மேலே, கீழே, இடம், வலம் என நான்கு திசைக்கும் அந்த ஒரே பொத்தான்தான். 1982இல் 'டாங்கி காங்' கையடக்கக் கருவிக்காக அதை வடிவமைத்தவர் யொக்கோய்.

1941 செப்டம்பர் 10ஆம் தேதி கியோட்டோவில் பிறந்த அவர், அங்குள்ள டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். 1965இல் நின்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது நின்டெண்டோ சீட்டுக்கட்டு தயாரிக்கும் நிறுவனம். 1889இல் ஹனாஃபுடா என்னும் பூச்சீட்டுகளோடு தொடங்கியது. சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்கள் பழுதில்லாமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பதுதான் யொக்கோயின் வேலை. பழுது இல்லாத நேரங்களில் கை சும்மா இருக்கவில்லை. குறுக்குக் கம்பிகளைக் கோத்து, அழுத்தினால் நீண்டு தூரத்துப் பொருளைப் பற்றும் ஒரு கையை விளையாட்டாகச் செய்து வைத்திருந்தார்.

தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. அறைக்கு வருமாறு அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழும் என்று நினைத்துப் போனவருக்கு, அதையே விற்பனைப் பொருளாக்கும்படி உத்தரவு கிடைத்தது. 1966 ஆண்டிறுதியில் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்த அந்தப் பொம்மை ஒரு மில்லியனுக்கும் மேல் விற்றது. டாக்சி, உடனடிச் சோறு என்று கைவைத்த தொழில்களில் எல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அது பெரிய ஆறுதல்.

அடுத்த திருப்பம் ரயிலில் நடந்தது. அதிவேக ரயிலில் அலுப்புடன் அமர்ந்திருந்த ஓர் அலுவலக ஊழியர், பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை யொக்கோய் கவனித்தார். பெரியவர்கள் பயணத்தில் யாருக்கும் தெரியாமல் விளையாட, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கருவி இருந்தால் என்ன?

பின்னர் ஒருநாள் யமாவுச்சியின் ஓட்டுநர் வரவில்லை. இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வெளிநாட்டுக் கார் என்பதால், அதை ஓட்டிப் பழகிய யொக்கோய் ஓட்டுநராகப் போனார். காரோட்டிதானே என்று வாய்மூடி இருக்காமல், வழியில் தம் யோசனையைச் சொன்னார். தலைவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை, கால்குலேட்டர் திரை தயாரிப்பில் முன்னணியில் இருந்த ஷார்ப் நிறுவனத்தின் தலைவருக்கு. சில நாள்களில் ஷார்ப் அதிகாரிகள் நின்டெண்டோ வாசலுக்கே வந்துவிட்டனர். 1980இல் வெளிவந்த 'கேம் அண்ட் வாட்ச்' வரிசை உலகெங்கும் 43 மில்லியனுக்கு மேல் விற்றது.

யொக்கோயின் கொள்கை எளிமையானது. புத்தம்புதிய தொழில்நுட்பத்தைத் துரத்த வேண்டாம். பழகி, விலை குறைந்து, குணம் முழுதும் தெரிந்த தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் எண்ணாத வேலைக்குப் பயன்படுத்து. வாடிய தொழில்நுட்பம் என்றே அதை அவர் அழைத்தார்.

1989இல் வந்த கேம் பாய் அந்தக் கொள்கையின் உச்சம். போட்டி நிறுவனங்களான அட்டாரியும் சேகாவும் வண்ணத் திரையோடு கையடக்கக் கருவிகளைக் கொண்டுவந்தன. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் அவை குடித்துத் தீர்த்தன. கேம் பாயின் திரையோ வண்ணமற்ற மங்கல் பச்சை. நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது, கீழே விழுந்தாலும் தாங்கியது, விலையும் குறைவு. பின்னர் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்தால் விற்பனை ஏறக்குறைய 119 மில்லியன். (இந்தப் புகழில் அவருடைய குழுவிலிருந்த சத்தோரு ஒக்காடாவுக்கும் பெரும் பங்கு உண்டு. கருவியைச் சாதாரணப் பொம்மையாக விட்டுவிடாமல் வலுவாக்க வேண்டுமென்று வாதாடியவர் அவர்.)

இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் 'வர்ச்சுவல் பாய்'.

அமெரிக்காவின் ரிஃப்ளெக்‌ஷன் டெக்னாலஜி என்ற சிறு நிறுவனம் ஒரு வித்தியாசமான திரையை உருவாக்கியிருந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே வரிசையாக 224 சிவப்பு விளக்குப் புள்ளிகள். அவற்றுக்கு எதிரே வேகமாக ஆடும் ஒரு கண்ணாடி. அந்த ஆட்டத்தில் ஒற்றைக் கோடு முழுப் படமாக விரியும். இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படம் போவதால் காட்சியில் ஆழம் தெரியும். பல பொம்மை நிறுவனங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இதை யொக்கோய் பிடித்துக்கொண்டார். சிவப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சிக்கனம். அன்று நீல விளக்குப் புள்ளிகளின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. சிவப்போ மலிவு, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். கறுப்புப் பின்னணிக்கு எல்லையே தெரியாது என்பதும் அவருக்குப் பிடித்திருந்தது.

தலையில் மாட்டும் கருவியாகத்தான் முதலில் திட்டமிடப்பட்டது. எடை, தலைசுற்றல், சட்டப் பொறுப்பு என்று ஒவ்வொரு கவலையாகச் சேர்ந்து, கடைசியில் அது இரு கால்களோடு மேசைமேல் நிற்கும் பெட்டியாகிவிட்டது. விளையாடுபவர் கூனிக் குனிந்து அதற்குள் முகம் புதைக்க வேண்டும். கண்ணும் கழுத்தும் வலிப்பதாகப் புகார்கள் வந்தன. சிறு குழந்தைகளின் கண்ணுக்கு ஆகாது என்ற எச்சரிக்கை வேறு. விளம்பரம் செய்வதும் சிரமம்: உள்ளே தெரியும் ஆழத்தைத் தொலைக்காட்சியில் எப்படிக் காட்டுவது? நின்டெண்டோவின் கவனமோ அடுத்து வரவிருந்த 'நின்டெண்டோ 64' பக்கம் திரும்பியிருந்தது.

1995 ஜூலையில் ஜப்பானிலும் அடுத்த மாதம் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த வர்ச்சுவல் பாய், ஜப்பானில் ஆண்டு முடிவதற்குள் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் அடுத்த ஆண்டு மூடுவிழா. மொத்தம் 22 விளையாட்டுகள், சுமார் 770,000 கருவிகள். அவ்வளவுதான் அதன் ஆயுள். ஆனாலும் முன்னும் பின்னும் தாவி ஓடும் 'வாரியோ லேண்ட்' விளையாட்டை ஆடியவர்கள், அந்தப் பெட்டி குப்பை அல்ல என்பதை ஒப்புக்கொள்வார்கள். அவசரப்படாமல் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் அதன் கதையே வேறாக இருந்திருக்கலாம்.

1996 ஆகஸ்டில், 31 ஆண்டுகளுக்குப் பிறகு யொக்கோய் நின்டெண்டோவை விட்டு விலகினார். தோல்விக்குப் பழி ஏற்று வெளியேறினார் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. அவர் அதை மறுத்தார். ஐம்பது வயதை ஒட்டித் தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் முன்பே இருந்ததாக விளக்கினார். புறப்படும் முன் அவர் முடித்துக் கொடுத்தது, மெலிந்த கேம் பாய் பாக்கெட். நன்றாக விற்றது. ஆனாலும் அவர் பெயரோடு சிவப்புப் பெட்டிதான் ஒட்டிக்கொண்டது. நியாயமில்லாத கணக்கு அது.

கியோட்டோவில் கோட்டோ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் பொம்மை நிறுவனத்துக்காகப் புதிய கையடக்கக் கருவி ஒன்றில் இறங்கினார். மீண்டும் அதே பழைய கொள்கை: வண்ணம் இல்லாத திரை, மலிவு விலை. பேட்டரி ஒன்றே ஒன்று, அதில் 30 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டு. படுக்கை வாக்கிலும் பிடிக்கலாம், செங்குத்தாகவும் பிடிக்கலாம். வேலை முடியும் முன்பே நெடுஞ்சாலை விபத்து குறுக்கிட்டது.

அவர் மறைந்து 17 மாதங்கள் கழித்து, 1999 மார்ச்சில் 'வொண்டர்ஸ்வான்' 4,800 யென்னுக்குக் கடைகளுக்கு வந்தது. ஜப்பானுக்கு வெளியே அது முறையாகப் போகவில்லை. அடுத்தடுத்த வடிவங்களையும் சேர்த்து மூன்றரை மில்லியன் அளவுக்கு விற்று, 2003இல் ஓய்ந்தது. அதனுடன் முதல் நாளே வெளியான புதிர் விளையாட்டு ஒன்று உண்டு. கருவியைச் செங்குத்தாகப் பிடித்து, சிதறிக் கிடக்கும் சிறு கோடுகளை இடமிருந்து வலமாக ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அதற்கு வைத்த பெயர், 'குன்பெய்'.