கல் தொட்டியும் மோட்சப் பிரயாணமும்



இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் நகரத்துக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. 1078-ல் கன்னியர் மடமாகத் தொடங்கிய பழைய ஆலயம் அங்கே உண்டு. அதற்குள்ளே 15-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய எட்டுப் பக்கக் கல் தொட்டி நிற்கிறது. அது ஞானஸ்நானத் தொட்டி. 1628 நவம்பர் 30 அன்று ஒரு ஏழைத் தகப்பன் தன் ஆண் குழந்தையை அங்கே கொண்டுவந்தார். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பது அவர் தொழில். அந்தக் குழந்தைதான் மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியன்.

ஜானுக்குப் பதினைந்து வயதாகும்போது தாயார் இறந்தார். அடுத்த மாதமே தங்கையும் இறந்தாள். அதே வருஷம் அவர் போர்ச்சேவகரானார். ஒருமுறை அவருக்குப் பதிலாகக் காவலுக்குப் போன சேவகன் குண்டடிபட்டு இறந்தான். தாம் ஏன் தப்பினோம் என்று அப்போது அவருக்கு விளங்கவில்லை.

ஊருக்குத் திரும்பித் தகப்பனுடைய தொழிலையே செய்தார். கலியாணம் செய்தபோது வீட்டில் ஒரு தட்டும் கரண்டியும்கூட இல்லை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்திப் புத்தகங்கள். 1650-ல் பிறந்த மூத்த மகள் மேரிக்குக் கண் தெரியாது. அவளையும் அதே கல் தொட்டிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிள்ளைகளே, பனியனுக்கு விளையாட்டு என்றால் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர்க் கிட்டிப்புள் மாதிரியான விளையாட்டில் அடிக்கக் கையை ஓங்கியவர், பாவத்தை விடுகிறாயா என்று யாரோ உள்ளத்தில் கேட்டதுபோல அப்படியே நின்றுவிட்டார். ஆலய மணி அடிப்பதிலும் ஆசை அதிகம். பிறகு மணி தலையில் விழுமோ என்று பயந்து உத்தரத்தின் கீழே ஒதுங்கினார். கோபுரமே விழுமோ என்று பயந்து வாசலுக்கு வந்தார். கடைசியில் ஓடியே போனார். பயம் இருந்தது, சமாதானம் இல்லை.

பெட்ஃபோர்டில் சில ஏழைப் பெண்கள் வாசலில் வெயில் காய்ந்துகொண்டே தேவனைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசியதைக் கேட்டார். அந்தச் சந்தோஷம் தம்மிடம் இல்லையே என்று ஏங்கி, அவர்களுடைய சபையிலே சேர்ந்தார்; பிரசங்கியாருமானார்.

1660-ல், அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ய வந்தார் என்று அவரைப் பிடித்தார்கள். முதல் மனைவி இறந்து, நான்கு பிள்ளைகளோடு மறுமணம் செய்திருந்த சமயம். இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கர்ப்பிணி. செய்தி கேட்ட அதிர்ச்சியில் குறைப்பிரசவமாகிக் குழந்தை இறந்தது. நர்சாக இருக்கும் எனக்குத் தெரியும், அப்படிப்பட்ட தாய் எழுந்து நடப்பதே பெரிய காரியம். எலிசபெத்தோ நீதிபதிகள் முன்னே போய்ப் புருஷனுக்காக வாதாடினார். பலனில்லை.

இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பனியன் வீட்டுக்குப் போயிருக்கலாம். பிள்ளைகளைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல அவருக்கு இருந்தது. பார்வையில்லாத மேரியை நினைத்தால் நெஞ்சே உடைந்தது. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சிறையில் சப்பாத்துக் கயிறு செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று.

1672-ல் விடுதலையானார். மறு வருஷம் ஞானஸ்நானத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தண்ணீரைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்காக ஒரு விசுவாசியைத் திருவிருந்திலிருந்து தள்ளக்கூடாது என்பது அவர் வாதம். லண்டனிலிருந்த சில போதகர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். அவர் மாறவில்லை. 1678-ல் மோட்சப் பிரயாணம் வெளிவந்தது. நம் தாத்தா பாட்டிமார் அதைத் தமிழில் வாசித்தார்கள்.

1688-ல், கோபமாயிருந்த ஒரு தகப்பனையும் மகனையும் ஒப்புரவாக்கக் குதிரையேறிப் போனார். காரியம் முடித்து லண்டனுக்கு வரும் வழியில் மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, ஆகஸ்ட் 31-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நம் சபையிலும் குழந்தையாகத் தொட்டியண்டை ஞானஸ்நானம் பெற்றவர்கள் உண்டு, வளர்ந்து முழுக்கு எடுத்தவர்களும் உண்டு. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். அந்த ஐக்கியத்தைக் காத்துக்கொள்ளுவோம். வீட்டில் யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லையென்றால், இந்த ஆண்டுவிழா முடியுமுன் நாமே முதலில் போய்ப் பேசுவோம். கர்த்தர் நம்மை ஆசீர்வதிப்பாராக.