வ. வே. சு. ஐயர்

வ. வே. சு. ஐயர் (வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், ஏப்ரல் 2, 1881 - ஜூன் 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் தமிழ் எழுத்தாளரும் ஆவார். தமிழ்ச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவராகப் பெரிதும் அறியப்படுகிறார். ஒரு காப்பியத்தை மற்றொரு காப்பியத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடும் திறனாய்வு முறைக்கும் தமிழில் இவர் முன்னோடியாவார்.

இளமையும் அரசியலும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். இலத்தீன் மொழியை அங்கேயே கற்றார். வழக்கறிஞராகத் திருச்சியிலும் பின்னர் இரங்கூனிலும் பணியாற்றிய பின், பாரிஸ்டர் படிப்புக்காக 1907 இல் இலண்டன் சென்றார். அங்கு இந்தியா விடுதியில் சாவர்க்கருடன் நட்புக் கொண்டு புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டார். 1910 இல் காவல்துறையின் பிடியிலிருந்து தப்பி, மாறுவேடத்தில் புதுச்சேரியை அடைந்தார்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், பாரதியார், அரவிந்தர் ஆகியோர் வாழ்ந்த அதே காலத்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இவரும் வாழ்ந்தார். குளத்தங்கரை அரசமரம் என்னும் சிறுகதையை எழுதியதும், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் இக்காலத்திலேயாகும். கம்ப நிலையம் என்ற பெயரில் நூல்களையும் வெளியிட்டார்.

கம்பராமாயண ஆய்வு

பொது மன்னிப்புக்குப் பின் 1920 இல் சென்னை திரும்பி, தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். அதில் வெளிவந்த கட்டுரைக்காக 1921 இல் கைது செய்யப்பட்டு, ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணம் பற்றிய தம் ஆய்வை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் அறியாதவர்களும் கம்பரை அறியும் பொருட்டு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளை இவரே மொழிபெயர்த்து அந்நூலில் சேர்த்துள்ளார்.

ஓமரின் இலியட், வெர்சிலின் ஈனியட், மில்டனின் துறக்க நீக்கம் ஆகியவற்றோடும், மூலநூலான வால்மீகி இராமாயணத்தோடும் கம்பரின் காப்பியத்தை இவர் ஒப்பிட்டார். அவற்றுக்கு இணையாகவும் மேலாகவும் நிற்கத்தக்கது கம்பராமாயணம் என்பது இவரது முடிவு. ஐரோப்பிய இலக்கியமே அளவுகோலாகக் கொள்ளப்பட்ட காலத்தில், தமிழ்க் காப்பியம் ஒன்றை உலகக் காப்பியங்களின் வரிசையில் வைத்து வாதிட்டது குறிப்பிடத்தக்கது.

கம்பரையும் வால்மீகியையும் ஒப்பிடுவதற்குக் கதையின் பொதுமையே அடிப்படையாகும். கதை ஒன்றாக இருப்பதால், ஒவ்வொரு மாற்றமும் கவிஞரின் நோக்கத்தைக் காட்டுகிறது. வால்மீகியில் வில் முறிவதற்கு முன் இராமனும் சீதையும் சந்திப்பதில்லை. கம்பரில் மிதிலை வீதியிலேயே இருவர் பார்வையும் கலந்துவிடுகிறது. வால்மீகியில் இராவணன் சீதையைக் கைகளால் பற்றித் தூக்குகிறான். கம்பரில் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். முதல் மாற்றம் அகப்பொருள் மரபோடும், இரண்டாவது கற்பு பற்றிய தமிழ்க் கருத்தோடும் தொடர்புடையது. இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே இது புலப்படும்.

சேரன்மாதேவி குருகுலமும் மறைவும்

விடுதலைக்குப் பின் திருநெல்வேலி மாவட்டத்தின் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தை நடத்தினார். அங்கிருந்து வெளிவந்த பாலபாரதி இதழில் கம்பராமாயண ரசனை என்னும் கட்டுரைத் தொடரைத் தமிழில் எழுதினார். காங்கிரசின் நிதியுதவி பெற்ற அக்குருகுலத்தில், பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தியில் உணவு வழங்கப்பட்டதைப் பெரியார் ஈ. வெ. இராமசாமி, வரதராசுலு நாயுடு ஆகியோர் வன்மையாக எதிர்த்தனர். இச்சிக்கல் தமிழ்நாட்டு அரசியலில் பெரும் பிளவை ஏற்படுத்தியது. 1925 இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்ற முயன்று, மகளோடு தாமும் உயிரிழந்தார்.

மதிப்பீடு

சிறையில் எழுதிய ஆய்வு ஐயரின் வாழ்நாளில் நூலாகவில்லை. அது 1950 இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. கம்பரின் மேன்மையை நிறுவுவதே இவரது நோக்கமாதலால், ஒப்பீடு பல இடங்களில் தரவரிசையாக அமைகிறது. பிற்காலத்தில் ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி (1933 - 1982), எது உயர்ந்தது என்ற வினாவை விடுத்து, சங்க வீரப்பாடல்களும் கிரேக்கக் காப்பியங்களும் எத்தகைய சமூகச் சூழலில் தோன்றின என்று ஆராய்ந்தார். 1969 இல் ஒப்பியல் இலக்கியம் என்ற நூலையும் வெளியிட்டார். வினா மாறியபோதிலும், தமிழ் நூலைப் பிறமொழி நூலோடு அருகருகே வைத்துப் படிக்கும் முறைக்கு ஐயரின் ஆய்வு முன்னோடியாக விளங்குகிறது.